லண்டன் தற்காலிகத் தங்குமிடம்: காத்திருப்பு நீள்வது இனத்தாலா, பெட்ரூமாலா?

வாடகைக்கணக்கு:
வீடற்றவர்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தரும் தற்காலிகத் தங்குமிடத்தில் கறுப்பினக் குடும்பங்கள் அதிக காலம் இருந்தால் உடனே இனப் பாகுபாடு என்கிறார்கள். கவுன்சில் நிறம் பார்த்தா வீடு ஒதுக்குகிறது? முன்னுரிமைப் பிரிவு, பெட்ரூம் தேவை, பதிவான தேதி, இவைதான் வரிசையைத் தீர்மானிக்கின்றன. 1980 வீட்டுவசதிச் சட்டத்தின்படி கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்கத் தொடங்கியபின் பெரிய வீடு காலியாவதே அபூர்வம்.

தேம்ஸ்கரை:
நிறம் பார்க்காத விதியும் பாகுபாடு காட்டும். 10 ஆண்டு உள்ளூர்வாசம் இருந்தால்தான் முன்னுரிமை என்று ஹில்லிங்டன் கவுன்சில் விதி வைத்தது. அகதிக்கும் ஐரிஷ் நாடோடிக் குடும்பத்துக்கும் அவ்வளவு உள்ளூர்வாசம் எப்படி இருக்கும்? அந்த மறைமுகப் பாகுபாட்டுக்குத் தக்க நியாயம் காட்டப்படவில்லை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாடகைக்கணக்கு:
அது ஒரு கவுன்சில். பூட்டு வேறிடத்தில் இருக்கிறது. வீடற்றவர்களுக்கு வீடு தரும் கடமையைத் தனியார் வாடகை வீட்டைக் கொடுத்து முடிக்க 2012 முதல் கவுன்சில்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் வேலையில்லாத குடும்பத்துக்கு லண்டனில் உதவித்தொகை உச்சவரம்பு ஆண்டுக்கு 25,323 பவுண்ட், மாதம் சுமார் 2,110. பிள்ளைகளுக்கான தொகையும் வாடகையும் இதற்குள்தான். ஒரு குடும்பத்தில் ஆறு பேர் இருந்தால், சாப்பிட்டது போக மிச்சத்தில் எந்த வீடு கிடைக்கும்? இது எந்த இனத்துக்கும் பொது.

தேம்ஸ்கரை:
விதி பொது, அடி பொது இல்லை. பெற்றோர், 15, 11 வயதில் இரு மகன்கள், 13, 12 வயதில் இரு மகள்கள் என்று வையுங்கள். வாடகை உதவிக் கணக்கில் 3 பெட்ரூம். மூத்தவனுக்கு 16 ஆனதும் 4. இப்படிப் பெரிய குடும்பங்கள் எந்தச் சமூகங்களில் அதிகம் என்று கவுன்சிலுக்குத் தெரியும். தெரிந்தபின் அதைக் கவனிக்க வேண்டியது 2010 சமத்துவச் சட்டப்படி அதன் கடமை.

காலாண்டு அட்டவணை:
யார் எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்பதற்கு அரசு அட்டவணையை வைத்து இருவரும் சண்டை போடுகிறீர்கள்; இதற்கு அது தவறான அட்டவணை. அரசு வெளியிடுவது காலாண்டின் கடைசி நாளில் உள்ளே இருப்பவர்களின் கணக்கு. சீக்கிரம் வெளியேறியவர்கள் அதில் இல்லை, அதனால் நீண்டநாள் இருப்பவர்கள் கூடுதலாகத் தெரிவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கவுன்சிலிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரே ஆண்டில் நுழைந்தவர்களில், ஒரே பெட்ரூம் தேவை உள்ளவர்களை இனவாரியாகப் பிரித்து, 2 ஆண்டு முடிவில் எத்தனை பேர் வெளியேறினார்கள்? 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். சிறிய எண்களை மறைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்தே கேளுங்கள். முக்கியமாக, எந்த வழியில் வெளியேறினார்கள் என்றும் கேளுங்கள். கவுன்சில் தர முன்வந்த தொலைவூர் வீட்டை மறுத்து, 21 நாளுக்குள் மறுபரிசீலனையும் கேட்காமல் உதவியை இழந்த குடும்பமும் 'குறுகிய காலம்' என்றே பதிவாகும்.

வாடகைக்கணக்கு:
நல்ல கேள்வி. பெட்ரூம் வாரியாகப் பிரித்தும் இடைவெளி நின்றால் நான் சொன்னது நிற்காது.

தேம்ஸ்கரை:
இடைவெளி மறைந்தாலும் நான் விடமாட்டேன். 4 பெட்ரூம் வீட்டைக் கட்டாமல் 1 பெட்ரூம் பிளாட்டாகக் கட்டித் தள்ளுவதும் கவுன்சில் எடுக்கும் முடிவுதான்.