சைன்ஃபெல்ட்: முதல் மூன்று சீசனில் என்னதான் மாறியது?

பிரிக்பீல்ட்ஸ் பேனா

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். யூடியூபில் போடுவதற்காக இங்கே கோலாலம்பூரில் ஒரு குழுவாக அரைமணி நேரத் தமிழ் நகைச்சுவைத் தொடர் எழுதுகிறோம். வசனத்துக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒருத்தர் வசனத்தை இன்னொருத்தர் வாயில் போட்டாலும் அதே சிரிப்புதான். பாத்திரம் இன்னும் உருவாகவில்லை என்றுதானே அர்த்தம்?

மேடை நகைச்சுவைக் கலைஞன் ஜெர்ரி, நண்பன் ஜார்ஜ், தோழி எலேன், பக்கத்து வீட்டு கிரேமர் என்று நால்வரைச் சுற்றி ஓடும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரான சைன்ஃபெல்ட்டும் ஆரம்பத்தில் தடுமாறியதுதான். 1989-இல் வந்த முதல் எபிசோடையும் நாலாவது சீசனையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே தொடரா என்று கேட்கத் தோன்றுகிறது. இடையில் எது மாறியது, எந்த எபிசோடில் மாறியது, எதை எந்த வரிசையில் பார்ப்பது? ‘போகப் போகச் சூடு பிடித்தது’ என்பது தெரிந்த கதை. காட்சி அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜெலுத்தோங்காரர்

தம்பி, அவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்று தேடாதீர்கள். எதையெல்லாம் தூக்கிப் போட்டார்கள் என்று பாருங்கள்.

1989 ஜூலை 5-இல் ஒளிபரப்பான அந்த எபிசோடில் கிரேமருக்குப் பெயர் கெஸ்லர். கதவைத் தட்டிவிட்டு வருகிறார். கையில் இரண்டு ரொட்டித் துண்டு, இறைச்சி ஏதும் இருக்கா என்று கேட்கிறார். ஒரு நாயும் இருக்கிறது. பத்து வருஷமாகக் கட்டடத்தை விட்டே வெளியே போகாத ஆள் என்று ஒரு வசனம் வேறு. இதில் பின்னால் நிலைத்த கிரேமர் அந்த ரொட்டித் துண்டில் மட்டும்தான் இருக்கிறார்: பாதிச் சாப்பாடு தன் வீட்டில், மீதி பக்கத்து வீட்டில். மற்றதெல்லாம் கதைக்கு முட்டுக்கட்டை. வெளியே போகாத ஆளை வைத்து வாராவாரம் என்ன கதை பண்ணுவது? தட்டிவிட்டு வருகிறவரால் யாருடைய ரகசியப் பேச்சைக் கெடுக்க முடியும்? தட்டுவதை எடுத்ததும் கதவே எழுத்தாளர் கைக்கு ஒரு கருவி ஆகிவிட்டது. காட்சி தொய்கிற இடத்தில் கதவு படாரென்று திறக்கும், புதுச் சிக்கல் உள்ளே வரும்.

அதே எபிசோடில் கிளேர் என்று ஓர் உணவகப் பணிப்பெண் உண்டு. எலேன் கிடையாது. பணிப்பெண்ணிடம் உள்ள குறை, அவர் அந்தக் கடையில் மட்டும்தான் இருக்க முடியும். தவிர, மேசைக்கு வெளியே நின்று இவர்களைப் பார்த்துப் பேசுகிற ஆள். தொடராக எடுக்க வேண்டுமென்றால் முக்கியப் பாத்திரங்களில் ஒரு பெண் வேண்டும் என்று ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனம் என்பிசி கேட்டது, எலேனாக ஜூலியா லூயி-டிரைஃபஸ் வந்தார். எலேன் ஜெர்ரி வீட்டுக்கும் போகலாம், விருந்துக்கும் போகலாம், சவ ஊர்வலத்துக்கும் போகலாம். முக்கியமாக, இவர்களைத் திருத்த வருகிற நல்லவள் இல்லை, இவர்களைப் போலவே அற்ப விஷயத்துக்கு மல்லுக்கட்டுகிறவள்.

மூன்றாவது, மேடைப் பேச்சு. ஒரு மேடைக் கலைஞனுக்கு நகைச்சுவை எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டுவதுதான் மூல யோசனை. அதனால் ஆரம்பத்தில் கதைக்கு நடுவிலேயே மேடைத் துண்டுகள் வெட்டி வெட்டி வரும். சிரிப்பு காட்சியிலேயே கிடைத்துவிட்டால் மேடையில் அதையே மறுபடி விளக்குவது வீண். துண்டுகள் மெல்ல மெல்லக் குறைந்து தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒதுங்கின, கடைசி இரண்டு சீசனில் அதுவும் போயிற்று. உங்கள் வரைவிலும் நடந்ததை விளக்கிச் சொல்லும் ஆள் எங்கேயோ ஒளிந்திருப்பார். அவரைப் பிடித்து வெளியே அனுப்புங்கள்.

செந்தூல் அக்கா

ஜெலுத்தோங் அண்ணன் சொன்னது சரி. ஆனால் எடுத்துப் போட்டுத் திருத்த அவகாசம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். சோதனைப் பார்வையாளர்களிடம் முதல் எபிசோட் தேறவில்லை. தொடர் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. என்பிசி-இல் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரிக் லட்வின், நகைச்சுவைக் கலைஞர் பாப் ஹோப்பின் நிகழ்ச்சி ஒன்றுக்கு வைத்திருந்த பணத்தைத் திருப்பி நாலே நாலு எபிசோடுக்குக் கொடுத்தார். அவை 1990 மே 31 முதல் வந்தன. இரண்டாம் சீசன் 12. மூன்றாவதில்தான் முழு அளவு, 23. ஐந்து, பன்னிரண்டு என்று சின்னச் சின்னதாக நகர்ந்ததால், பார்த்துத் திருத்த இடைவெளி இருந்தது. பத்து எபிசோடையும் ஒரே மூச்சில் எடுத்து முடிக்கத் திட்டம் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. மூன்று எடுங்கள், வெட்டி ஒட்டிப் பாருங்கள், பிறகு நாலாவதை எழுதுங்கள்.

தூக்கிப் போடும் துணிச்சலுக்கு ஓர் உதாரணம்: இரண்டாம் சீசனில் எலேன் துப்பாக்கி வாங்குவதாக ‘தி பெட்’ என்று ஒரு கதை. ஒத்திகையில் நடிகர்களுக்கே மனம் ஒப்பவில்லை, நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப அவசரமாக எழுதியதுதான் ‘தி ஃபோன் மெசேஜ்’, தொலைபேசிப் பதிலளிப்புக் கருவியின் ஒலிநாடா ஒன்றை வைத்து ஓடும் கதை. பெரிய ஆபத்தை விடச் சின்ன அவமானம்தான் இந்த நால்வருக்குப் பொருந்தும் என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்கூடாகப் பார்க்கலாம்.

‘ஆளை மாற்றினாலும் அதே சிரிப்பு’ என்கிற உங்கள் நோய்க்கு மருந்து ஜார்ஜிடம் இருக்கிறது. ஜார்ஜாக நடித்த ஜேசன் அலெக்சாண்டர் முதலில் திரைப்பட இயக்குநரும் நடிகருமான வூடி ஆலன் சாயலில்தான் நடித்தார், தொடக்க எபிசோடுகளில் குரலிலேயே தெரியும். இப்படி யாருக்கும் நடக்காது, நடந்தாலும் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று ஒரு கதையைப் பற்றி அவர் சொல்லப்போக, எனக்கு நடந்தது, நான் இப்படித்தான் செய்தேன் என்றாராம் ஜெர்ரியோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய லேரி டேவிட். யாரைப் பார்த்து நடிக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது. 1991-இன் ‘தி ரிவெஞ்ச்’ பாருங்கள். கோபத்தில் வேலையை விட்ட ஜார்ஜ், திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் அலுவலகத்தில் போய் உட்காருகிறார். லேரி டேவிட் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேலை பார்த்தபோது உண்மையிலேயே செய்த காரியம் அது. அந்த உட்காரலை கிரேமருக்கோ எலேனுக்கோ மாற்றிக் கொடுக்கவே முடியாது.

மைக்கேல் ரிச்சர்ட்சும் அப்படித்தான். கிரேமரை முதலில் எல்லாருக்கும் ஓர் அடி பின்தங்கிய மந்தமான ஆளாக நடித்தார். எல்லாரையும் விட முன்னால் ஓடுகிறவன் இவன் என்று மாற்றிப் பிடித்த பிறகுதான் அந்தச் சறுக்கலும் வேகமும் வந்தன.

பிரிக்பீல்ட்ஸ் பேனா

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. விளக்கிச் சொல்லும் ஆள் எங்கள் வரைவில் இருக்கிறார், கதாநாயகனின் தாத்தா! அவரை என்ன செய்வதென்று யோசிக்கவேண்டும். ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’தான் திருப்புமுனை என்று பலர் சொல்கிறார்கள். மூன்று பேர் மேசைக்குக் காத்திருப்பதுதானே அதில் கதை? எப்படி நிற்கிறது?

ஜெலுத்தோங்காரர்

காத்திருப்பது இடம் மட்டும்தான். கதை ஆளுக்கொரு கெடுவில் இருக்கிறது. எலேனுக்கு உயிர் போகிற பசி. ஜார்ஜ் ஒரு பெண்ணுக்குத் தொலைபேச வேண்டும், இருக்கிற ஒரே தொலைபேசியை வேறொருவர் விடமாட்டேன் என்கிறார். ஜெர்ரிக்குப் படம் தொடங்கிவிடும். அதோடு, மாமாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், உணவகத்தில் எங்கோ பார்த்த முகம் போல ஒரு பெண். கடைக்காரர் எத்தனை முறை கேட்டாலும் ‘ஐந்து, பத்து நிமிஷம்’. ஒவ்வொரு கெடுவும் மற்றதை இறுக்குகிறது. பசி தாங்காமல்தான் எலேன், 50 டாலர் பந்தயத்துக்காக முன்பின் தெரியாதவர்கள் மேசையில் எக் ரோல் எடுக்கப் போகிறாள். மூவரும் வெளியேறிய கணமே அவர்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

கதையே இல்லையே என்று என்பிசி தயங்கியது. விலகிவிடுவேன் என்று லேரி டேவிட் நின்றார். சீசன் முடியும் தறுவாயில், 1991 மே 23-இல்தான் ஒளிபரப்பானது.

உங்களுக்குப் பயிற்சி வேண்டுமா? மிட் வேலி பேரங்காடி அடித்தளத்தில் காடியை (காரை) எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோன நாலு பேரை எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு 1991 அக்டோபரின் ‘தி பார்க்கிங் கராஜ்’ பாருங்கள். அதில் கிரேமர் தூக்கிச் சுமக்கும் பெட்டிக்குள் உண்மையான குளிர்சாதனக் கருவி. எடை நிஜமாக இருக்கவேண்டும் என்று ரிச்சர்ட்சே கேட்டு வாங்கியது. எலேன் கையில் பையிலிருக்கும் மீன் சாகக் கிடக்கிறது, ஜார்ஜின் பெற்றோர் காத்திருக்கிறார்கள், ஜெர்ரிக்குச் சிறுநீர் முட்டுகிறது. கடைசியில் காடி கிளம்பாதது எழுதிய முடிவு இல்லை, படப்பிடிப்பில் தானாக நடந்தது.

தாத்தாவை எடுத்துவிடாதீர்கள். அவருக்கும் ஒரு கெடு கொடுங்கள்.

செந்தூல் அக்கா

பார்க்கும் வரிசை கேட்டீர்களே. முதல் எபிசோட், பிறகு ‘தி ஸ்டேக் அவுட்’, பிறகு ‘தி ரிவெஞ்ச்’. அடுத்து ‘தி டீல்’. ஜெர்ரியையும் எலேனையும் சேர்த்துவைக்கச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு எழுதியது. அடுத்தடுத்த எபிசோடுகளில் அந்த உறவின் சுவடே இருக்காது. பிறகு ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’. அதன் பின்னால் ‘தி பஸ்பாய்’: ஜார்ஜ் கதையின் ஆளும் எலேன் கதையின் ஆளும் கடைசியில் நேருக்கு நேர் மோதுகிறார்கள். பின்னாளில் எல்லாரும் புகழ்ந்த முடிச்சின் சின்ன வடிவம் அது. மூன்றாம் சீசனில் ‘தி பென்’ அவசியம் பாருங்கள், ஜார்ஜும் கிரேமரும் இல்லாமல் ஓடுகிறது. தன்னை விட்டுவிட்டு எழுதியதற்கு அலெக்சாண்டர் கடுமையாகச் சண்டை போட்டார். நால்வரும் இருந்தால் கிடைக்கிற அழுத்தம் என்ன என்பது இல்லாதபோது தெரியும். ‘தி பாய்பிரெண்ட்’டோடு முடியுங்கள்.

இன்னொன்று. நெட்பிளிக்ஸில் 2021-இல் வந்த பதிப்பு அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியது. மூலம் நாலுக்கு மூன்று அளவு. வசனம் படிக்க நெட்பிளிக்ஸ் பதிப்பே போதும். யார் எங்கே நிற்கிறார், கதவு படத்தில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கப் பழைய டிவிடி கிடைத்தால் அதையே வையுங்கள்.