மறு: கிட்டாரின் பிரேஸுக்கு 'ஈர்க்கு' என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

கிட்டார் உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், மேற்பலகைக்கு அடியில் ஒட்டும் பிரேஸ் என்பதற்குத் 'தாங்கி', 'வலுவூட்டி', 'வங்கு' என மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றையும் பத்து நாட்களாகப் பட்டறையில் புழங்கிப் பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டின் பின்கட்டில்தான் என் பட்டறை. என்னிடம் வேலை பழகும் தம்பியிடம் "அந்தத் தாங்கியை எடு" என்றால் கிட்டாரை நிறுத்திவைக்கும் மரக்காலை எடுத்து வருகிறான். அவனிடம் தவறில்லை. தாங்கி என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும்.

முதலில் அந்தப் பொருளைப் பார்த்துவிடுவோம். கிட்டாரின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்படுகிறது. எஃகுக் கம்பிகள் ஆறும் சுதி சேர்ந்து நிற்கும்போது மொத்த இழுப்பு 70 கிலோ அளவுக்கு வரும். அந்த இழுப்பில், கம்பிகளைப் பலகையின் மேல் ஏந்தி நிற்கும் குதிரை (பிரிட்ஜ்) முன்பக்கம் சாயப் பார்க்கும். அதன் பின்னால் பலகை வயிறு தள்ளும், முன்னால் குழிவிழும். இதைத் தடுக்கப் பலகையின் அடிப்புறத்தில் ஒல்லியான மரக்கீற்றுகளை ஒட்டுகிறோம். அவைதான் பிரேஸ்கள். இதோடு வேலை முடிந்தால் 'தாங்கி' போதும். ஆனால் அதே பலகைதான் அதிர்ந்து பாடவும் வேண்டும். கீற்று கனத்தால் பலகை ஊமையாகிவிடும், மெலிந்தால் வளைந்துவிடும்.

இரண்டையும் நான் பட்டு அறிந்தவன். முதல் கிட்டாரில் கீற்றுகளைப் பயந்து பயந்து 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு விட்டேன். கம்பியை மீட்டினால் மூடிய அறைக்குள் யாரோ பேசுவது போல ஒலித்தது. இரண்டாவதில் உளி அதிகமாக ஓடிவிட்டது. குரல் அருமையாக இருந்தது. நான்கு மாதத்தில் மேற்பலகை புடைத்து, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அதன் பிறகுதான் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு மண்டையில் ஏறியது. கீற்றின் அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பும் இரு மடங்குதான் ஆகும். உயரத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் தெரிந்தவர்கள் கீற்றை ஒல்லியாகவும் உயரமாகவும் எடுத்து, நுனிகளை நோக்கிச் சீவிச் சீவி மெலிய விடுகிறார்கள்.

ஒரு தென்னோலையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தாள் போன்ற இலை. அதன் நடுவே ஒல்லியாக, ஒருபுறம் துருத்திக்கொண்டு ஈர்க்கு. அடியில் தடித்து நுனியில் மெலிந்து போகும். ஈர்க்கை உரித்துவிட்டால் ஓலை துவண்டு தொங்கும். ஈர்க்கோடு விட்டால், எடையே கூடாதது போல, காற்றில் ஆடிக்கொண்டும் விறைத்துக்கொண்டும் நிற்கும். பிரேஸ் செய்கிற வேலை முழுவதும் இதில் இருக்கிறது: மெல்லிய பரப்புக்குக் கனம் சேர்க்காமல் விறைப்புக் கொடுப்பது, ஆட்டத்தையும் விட்டுவைப்பது. ஈரம் போய் ஓலை காயும்போது இலைப்பகுதி சுருங்கிச் சுருளும். ஈர்க்கோ நீளம் குறையாமல் நிற்கும். மரத்திலும் அப்படித்தான். இழைக்குக் குறுக்கே பலகை ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். கீற்று தன் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இரண்டு பருவமழையும் கொட்டுகிற எங்கள் மாவட்டத்தில், மழை நாளில் ஒட்டிய பலகை மாசி வெயிலில் சுருங்கப் பார்க்கும், கீற்று விடாது, பலகை வெடித்துவிடும். ஒட்டு வேலையை நான் மாசி, பங்குனிக்கு ஒதுக்கி வைப்பது இதனால்தான்.

ஆகவே என் பரிந்துரை 'ஈர்க்கு'. 'ஈர்க்கில்' என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். எழுத்தில் 'ஈர்க்கு' போதும்.

கோவை நண்பர் எழுதியிருந்தார்: "ஈர்க்கு என்றதும் துடைப்பம்தான் நினைவுக்கு வரும். ஓர் இசைக்கருவியின் உறுப்புக்கு அந்தச் சொல் தாழ்ந்ததாகப் படுகிறது." இதை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். வாரியல் கட்டுவது ஈர்க்கின் பயன்களில் ஒன்று. எங்கள் வீட்டில் பலா இலையைக் கோட்டி, ஓர் ஈர்க்குத் துண்டைக் குத்திக் கரண்டியாக்கிக் கஞ்சி குடித்தோம். அந்த இலைக்கு வடிவம் கொடுத்ததும் ஈர்க்குதான். வீணையின் பிரிட்ஜுக்குக் குதிரை என்று பெயர் வைத்த கைகள் சொல்லின் அந்தஸ்தைப் பார்க்கவில்லை, பொருளின் நிற்பைப் பார்த்தன. பொருநராற்றுப்படையில் யாழின் ஆணிக்கு உவமை வளையில் வாழும் நண்டின் கண். கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பேசும் மொழி அது.

மதுரையிலிருந்து வந்த மறுப்பு இதைவிட வலுவானது. ஓலையில் ஈர்க்கு ஒன்றுதான், அதுவும் நேராக ஓடுவது. கிட்டாரில் பலவும் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன, உவமை பொருந்தாது என்கிறார் அந்த அம்மையார். இரண்டு நாள் இதை யோசித்தேன். விடை பட்டத்தில் கிடைத்தது. சிறு வயதில் பட்டம் கட்டியவர்களுக்குத் தெரியும்: ஓர் ஈர்க்கு நேராக, இன்னொன்று வில்லாக வளைந்து அதன் குறுக்கே, மேலே மெல்லிய தாள். காற்றில் தாள் படபடக்கும், ஆனால் கிழியாது, மடங்காது. ஓலையை விட்டு இந்தச் சொல் தாளுக்கு எப்போதோ வந்துவிட்டது. அங்கே அது குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படும் ஓர் உறுப்பின் பெயர். தாளிலிருந்து மரத்துக்கு இன்னும் ஓர் அடிதான்.

'வங்கு' பற்றி: எனக்கு அது பிடித்த சொல். கடலோரத்தில் படகின் விலாச்சட்டத்துக்கு வழங்குவது, உழைத்துத் தேய்ந்த சொல். ஆனால் படகின் வங்கு அசையவே கூடாது. பலகை அதிர்ந்தால் நீர் கசியும். நாம் தேடும் சொல் அதிர்வை விட்டுக்கொடுக்க வேண்டும். வங்கைக் கிட்டாரின் பக்கச்சட்டங்களைப் பற்றிப் பேசும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 'வலுவூட்டி' பற்றிச் சொல்ல அதிகமில்லை. சத்து மாவுக்குப் பொருந்தும்.

'ஈர்க்கும்' என்ற வினையோடு குழம்பாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஈர்க்கைச் சீவினேன்", "மூன்றாம் ஈர்க்கின் நுனி", "ஈர்க்குகள் சந்திக்கும் இடம்". எங்கும் தடுமாற்றம் இல்லை.

ஒரு கலைச்சொல் தனியாக நிற்க முடியாது, கிளைவிட வேண்டும். ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 19ஆம் நூற்றாண்டில் மேற்பலகைக்கு அடியில் ஏழு கீற்றுகளை விசிறி போல விரித்து வைத்தார். அவர் வழியில்தான் இன்றும் நைலான் கம்பிக் கிட்டார்கள் பெரும்பாலும் கட்டப்படுகின்றன. அது 'விசிறி ஈர்க்கு'. இதே தோரெஸ் 1862இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக்கூழில் செய்து, குரலை ஆள்வது மேற்பலகையும் அதன் அடியில் உள்ள அமைப்பும்தான் என்று காட்டியவர். அமெரிக்காவில் 1840களில் மார்ட்டின் பட்டறையில் உருவான, இரண்டு நீண்ட கீற்றுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அமைப்பு 'கத்தரி ஈர்க்கு'. எஃகுக் கம்பி பின்னாளில் வந்தபோது அந்த இழுப்பைத் தாங்க அதுவே கைகொடுத்தது. பின்பலகையில் படிப்படியாகக் குறுக்கே ஒட்டுவது 'ஏணி ஈர்க்கு'. நடுவில் குழித்துச் சீவியது 'குடைந்த ஈர்க்கு'. 'தாங்கி'யோடு இவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். விசிறித் தாங்கி என்றால் மின்விசிறி மாட்டும் கொக்கி ஆகிவிடும்.

நேற்று மாலை ஒரு மேற்பலகைக்கு ஒட்டு வைத்தோம். பசை தடவிய கீற்றின் மேல் கமுகு வரிச்சுகளை வில்லாக வளைத்து, மேலே உள்ள பலகைக்கு முட்டுக்கொடுத்து நிறுத்துவது எங்கள் முறை. முப்பது வரிச்சுகள் வளைந்து நின்றன. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "கத்தரி ஈர்க்கோட இடது நுனி கொஞ்சம் தூக்கியிருக்கு அண்ணே" என்றான். நான் அவனுக்கு அந்தச் சொல்லை விளக்கியதே இல்லை. பேச்சுவாக்கில் இரண்டு முறை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். ஒரு வரிச்சைக் கூடுதலாகக் கொடுத்ததும் நுனி படிந்தது.

மெட்டு (ஃபிரெட்), குதிரை, பிரடை (கம்பியை முறுக்கும் ஆணி) மூன்றும் வீணையிலிருந்து அப்படியே வரட்டும். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். கிட்டாரின் குதிரைக்கு மேல் எலும்பில் ஒரு சிறு துண்டு பதிப்போமே, சாடில், அதற்குச் 'சேணம்' தானாகவே பொருந்துகிறது.

கெர்ஃபிங்கில்தான் எனக்குத் தெளிவில்லை. பக்கச்சட்டத்தின் உள்விளிம்பில், மேற்பலகை ஒட்டுவதற்கு இடம் தரும் பட்டை அது. வளைவோடு வளையட்டும் என்று சில மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக ரம்பத்தால் அறுத்து, ஒரு விளிம்பை மட்டும் அறாமல் விடுகிறோம். கையில் எடுத்தால் சீப்பு போல இருக்கிறது. 'சீப்புச்சட்டம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் ஒட்டிய பிறகு அது சீப்பாகத் தெரிவதில்லை, வளைவில் பற்கள் நெருங்கிவிடுகின்றன. இதற்கு நெருக்கமான வேலை வீணையிலோ கூடை முடைவதிலோ இருந்தால், அங்கே என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து