ஒயிட் போர்டில் பெர்மனென்ட் மார்க்கர்! பேஸ்ட் போட்டுத் தேய்த்து இன்னும் கெடுத்துவிட்டேன், உதவுங்கள்

மாடி டியூஷன்:
வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் நான் கீழே போயிருந்த நேரத்தில் ஒரு பையன் ஆர்வக்கோளாறில் முதல் 20 தனிமங்களையும் போர்டில் எழுதி வைத்துவிட்டான், பெர்மனென்ட் மார்க்கரில். சோப்புத் தண்ணீர், எலுமிச்சை எதற்கும் அசையவில்லை. பேஸ்ட் வைத்துத் தேய்த்ததில் ஹைட்ரஜனும் ஹீலியமும் போயின, கூடவே அந்த இடத்தின் பளபளப்பும் போய்விட்டது. இப்போது அங்கே சாதா மார்க்கரில் எழுதினாலும் சரியாக அழிவதில்லை. போர்டு முழுக்கப் பழைய எழுத்துகளின் சாம்பல் நிழல் வேறு. கடையில் கிளீனர் வாங்காமல் வழி உண்டா?

சாக்பீஸ் காலத்து ஆள்:
பேஸ்டை இத்தோடு விட்டுவிடுங்கள் டீச்சர். பல பேஸ்ட்களில் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது, பல்லைத் தேய்ப்பதுபோல போர்டையும் தேய்த்துவிடும். கீறல் விழுந்தால் மை உள்ளே இறங்கிக்கொள்ளும்.
மீதி 18 தனிமங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒயிட் போர்டு மார்க்கரால் அந்த எழுத்தின் மேலேயே அழுத்தமாக எழுதி, காய்வதற்குள் துடையுங்கள். அந்த மையில் உள்ள ஆல்கஹால் அடியில் இருக்கும் மையைக் கரைத்துவிடும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்து போதும். முழு வரியும் எழுதினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

அடுக்களை விஞ்ஞானி:
சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு வரும்.

சாக்பீஸ் காலத்து ஆள்:
நுரை வரும், கறை வராது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். வினிகரைத் தண்ணீர் கலந்து தனியாகப் பயன்படுத்தினால் மேலாக இருக்கும் அழுக்கு போகும், பெர்மனென்ட் மை போகாது. சோடாவைத் தூளாகத் தேய்த்தால் பேஸ்ட் கதைதான்.

மாடி டியூஷன்:
சார், மார்க்கர் வழி பலித்தது! கால்சியத்திலிருந்து பின்னோக்கி கார்பன் வரை வந்துவிட்டேன், அதற்குள் மார்க்கர் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு சானிடைசர் ஜெல் போட்டேன். எழுத்து போய்விட்டது, ஆனால் போர்டு பிசுபிசுக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமா?

மெடிக்கல் ஷாப்காரன்:
வேண்டாம் அக்கா. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். மலிவான போர்டு என்றால் மேல் பூச்சையே உரித்துவிடும். பிசுக்குக்குக் காரணம் ஜெல்லைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருளும் கிளிசரினும். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து உலர விடுங்கள். சாம்பல் நிழலுக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். துணியில் நனைத்துத் துடையுங்கள், போர்டின் மேல் ஊற்ற வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. துணி பழைய பருத்தி வேட்டியாக இருந்தால் நல்லது.

சாக்பீஸ் காலத்து ஆள்:
மங்கிய இடத்தில் துளித் தேங்காய் எண்ணெய் தடவி, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். ஒயிட் போர்டு மையிலேயே எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் ஒன்று உண்டு. மை போர்டில் ஒட்டாமல் வழித்துக்கொண்டு வருவது அதனால்தான். எண்ணெய் கூடிப்போனால் மார்க்கர் எழுதவே எழுதாது, கவனம். போன பூச்சு திரும்ப வராது, சும்மா கொஞ்ச நாள் சமாளிக்கலாம்.

மாடி டியூஷன்:
ஸ்பிரிட்டில் நிழல் முக்கால்வாசி போய்விட்டது. நாள்கணக்கில் அழிக்காமல் விட்ட கால அட்டவணை மட்டும் லேசாகத் தெரிகிறது. எண்ணெய் இரண்டு நாள் தாங்கியது, அப்புறம் பழைய கதை. அந்த மூலையில் மாதத் தேர்வு அட்டவணையை ஒட்டிவிட்டேன். பெர்மனென்ட் மார்க்கர் இப்போது பூட்டிய அலமாரியில்.