புதுப்பிப்பு: ஓட்டோ ஹூட் கிழிசல், மாரிக்குப் பிறகு

மாரி தொடங்க முதல், என் ஓட்டோ ஹூட்டில், அதாவது மடக்குக் கூரையில், நாலு விரல் நீளக் கிழிசல், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். சுப்பர் குளூ சொன்னவர்கள் மன்னிக்கவும்: காய்ந்து விறைத்து, கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்திலேயே புதிதாகக் கிழிந்தது.

அப்புறம் குஷன் கடை அண்ணன் அந்தப் பசையைச் சுரண்டிவிட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிய ரெக்சின் துண்டை உள்பக்கம் ரப்பர் சொலுஷனில் (பஞ்சர் ஒட்டும் பசை) ஒட்டினார். துண்டிலும் ஹூட்டிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் அழுத்தினார். தைக்கக் கேட்டேன். “தம்பி, ஊசி போன ஓட்டை எல்லாம் ஒழுகும்” என்றார். மார்கழி அடைமழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

கிழித்தது யாரென்றால், துருப்பிடித்த ஹூட் கம்பி! துருவைத் தேய்த்து, பழைய டயர் ரியூப் துண்டைச் சுற்றியிருக்கிறேன். ஈரத்தோடு ஹூட்டை மடிப்பதும் இல்லை.