‘ஸ்க்ரூட்டினி கமிட்டி’: ‘கண்காணிப்பு’ வேண்டாம், ‘கேட்பாய்வு’ எப்படி?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

வணக்கம்.

> ‘கண்காணிப்புக் குழு’ என்று எல்லோருக்கும் புரிகிற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இங்கிலாந்துக் கவுன்சில்களில் (உள்ளூராட்சி மன்றங்களில்) இருக்கும் ‘ஸ்க்ரூட்டினி கமிட்டி’க்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழும உரையாடலில் ஐயா ஒருவர் இப்படிக் கேட்டது நியாயம். லண்டன் கவுன்சில்களுக்குத் துண்டறிக்கை மொழிபெயர்ப்பவள் நான். பல வருடம் நானும் ‘கண்காணிப்புக் குழு’ என்றே எழுதினேன். அதைக் கைவிட வைத்தது ஓர் அக்காவின் தொலைபேசி அழைப்பு. அவருடைய அம்மாவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட வரவேண்டிய பணியாளர் வாரத்தில் இரண்டு நாள் வருவதே இல்லை. அதைக் குழுவின் முன் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தவர், என் மொழிபெயர்ப்பில் கடிதம் போனதும் பின்வாங்கிவிட்டார். “ஏன் எங்களைக் கண்காணிக்கினம்?” என்று கேட்டார். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவரிடம் அந்தச் சொல்லை நீட்டியது என் பிழை. மலையகத்து வாசகருக்கு அது இன்னும் கசக்கும். தோட்டத்துக் கங்காணி பிறந்ததே ‘கண்காணி’யிலிருந்துதான்.

சரி, அந்தக் குழு என்னதான் செய்கிறது? இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் பெரும்பாலான கவுன்சில்களில் அதிகாரத்தை ஒரு தலைவரும் சிறு கேபினட்டும் வைத்திருக்கும்படி மாற்றியது. மற்ற உறுப்பினர்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடையாக வந்ததே இந்தக் குழு. கேபினட்டில் இருப்பவர் இதில் இருக்க முடியாது. கேபினட் உறுப்பினரையும் அதிகாரிகளையும் வரவழைத்துப் பதில் கேட்கலாம். அடுத்த ஆண்டுச் சட்டத்தால் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். அமைப்புகளையும் கேட்கலாம் என்றாயிற்று. 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு கவுன்சில்களிடம் வந்தது: புகைநிறுத்த உதவி, போதை மீட்பு, 40 முதல் 74 வயதுவரையானோருக்கான உடல்நலப் பரிசோதனை எல்லாம். (‘பொதுச் சுகாதாரம்’ என்ற சொல்லில் யாருக்கும் சிக்கல் இல்லை, விட்டுவிடுவோம்.) ஆனால் எடுத்த முடிவை ரத்துச் செய்ய இந்தக் குழுவால் முடியாது. பரிந்துரைக்கலாம், இரண்டு மாதத்துக்குள் கேபினட் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதுதான் அதன் பெரிய பலம்.

இதை மனத்தில் வைத்து, இதுவரை வந்த சொற்களைப் பார்த்தேன்.

‘மேற்பார்வை’ என்றால் குழு மேலே இருந்து வேலை வாங்குவதாகிவிடும். ‘தணிக்கை’ தமிழ்நாட்டில் பெரும்பாலும் கணக்கைப் பார்ப்பது. இலங்கைத் தமிழரான எங்களுக்கோ பத்திரிகையில் வரியை வெட்டுவது. கணக்குக்கு நாங்கள் ‘கணக்காய்வு’ என்போம். ‘பரிசீலனை’ வேட்புமனுவுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ‘உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி எழுதியே அலுவலகங்கள் அந்தச் சொல்லின் உயிரை எடுத்துவிட்டன. ஆறப்போடுவதற்கு என்றே ஆகிவிட்ட சொல்லை, ஆறப்போட்டது ஏன் என்று கேட்கிற குழுவுக்கு வைக்க எனக்கு மனமில்லை. ‘நுண்ணாய்வு’ என்றால் ஆய்வுகூடத்து உருப்பெருக்கிதான் கண்ணில் வருகிறது.

கோவை நண்பர் ‘நாள்தொறும் நாடி முறைசெய்யா மன்னவன்’ என்ற குறளைக் காட்டி ‘நாடல்’ என்றார். பொருள் அப்படியே ஒட்டுகிறது. ஆனால் இன்றைய துண்டறிக்கைத் தமிழில் ‘மருத்துவரை நாடுங்கள்’ என்றால் உதவிக்குப் போங்கள் என்று அர்த்தம். ‘நாடற்குழு’ என்று போட்டால் உதவி கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

‘துருவித் துருவிக் கேட்பது’ என்ற வழக்கிலிருந்து ‘துருவாய்வு’ என்று நானே ஒரு சொல் செய்துபார்த்தேன். துருவப் பிரதேச ஆராய்ச்சி என்று படித்தாள் என் மகள். இரும்புத்துருவும் உள்ளே நுழைந்துவிடும். அதுவும் போயிற்று.

இப்போது முன்வைப்பது ‘கேட்பாய்வு’: கேட்பு + ஆய்வு. தமிழ்நாட்டில் ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ ஊர்மக்கள் வரை பழகிவிட்டது. ‘ஆய்வு’ எங்கள் ‘கணக்காய்வி’ல் ஏற்கனவே இருக்கிறது. இரண்டு கரைக்கும் சொந்தம். தமிழில் ‘கேள்’ என்ற வேருக்கு வினவுவதும் செவிகொடுப்பதும் ஒன்றாக அமைந்திருப்பது இங்கே பெரிய வசதி. அதிகாரியை வினவ வேண்டும், அந்த அக்காவுக்குச் செவிகொடுக்க வேண்டும். இரண்டாவது இல்லாத குழுவுக்கு முதலாவதும் வராது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட அவலத்தைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் அறிக்கை, அபாய அறிகுறிகளை உள்ளூர்க் கவுன்சில்களின் இந்தக் குழுக்கள் கண்டுபிடிக்கவில்லை, அவற்றின் கனத்தை உணரவுமில்லை என்று சொன்னது. கூட்டம் கூடுவதும் அறிக்கையைப் பெற்றுக்கொள்வதும் கேட்பதாகாது. அதனால்தான் ‘கேட்பு’ பெயரிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

கிளைச்சொல்லும் பிறக்கிறது. எடுத்துவிட்ட, ஆனால் நடைமுறைக்கு வராத முடிவை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும் ‘கால்-இன்’ உரிமையை ‘நிறுத்திக்கேட்பு’ எனலாம். ‘கேட்டாய்வு’ என்று சுருக்கலாமே என்று தோழி ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் தோழி, ‘கேடு’ம் ‘ஆய்வு’ம் சேர்ந்தாலும் அதே வடிவம்தான் வரும்.

அடுத்து ‘அடல்ட் சோஷியல் கேர்’, அதாவது வயதுவந்தோருக்கு அன்றாட வாழ்க்கையில் கவுன்சில் ஏற்பாடு செய்யும் பராமரிப்பு உதவி. இதற்கு ‘முதியோர் பராமரிப்பு’ என்று எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். கற்றல் குறைபாடுள்ள 19 வயதுப் பிள்ளைக்கும், பக்கவாதம் வந்த 45 வயதுக்காரருக்கும் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தேவை மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. ‘முதியோர்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து ‘இது எங்களுக்கில்லை’ என்று தாளை மடித்துவைத்த பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ‘சமூகப் பராமரிப்பு’ம் முழுச்சரியில்லை. ஊரும் உறவும் பார்த்துக்கொள்வது என்ற அர்த்தம் தொனிக்கிறது; இதுவோ கவுன்சிலின் சட்டக் கடமை. சிலர் இதை என்.எச்.எஸ். போல இலவசம் என்றும் எண்ணிவிடுகிறார்கள். சேமிப்பும் சொத்தும் 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் செலவு பெரும்பாலும் முழுக்கத் தம் தலையில்தான், அந்த வரம்பு 2010இலிருந்து வருடக்கணக்காக அசையவே இல்லை என்பதைச் சொன்னால் திகைத்துப்போகிறார்கள். கேட்பாய்வுக் குழுவில் போய்க் கேட்கவேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

இப்போதைக்கு ‘வயதுவந்தோர் பராமரிப்பும் துணையும்’ என்று எழுதி, கீழே ‘18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். நீளம்தான். இதைவிடச் சுருக்கமானது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். ‘கேட்பாய்வு’ உங்கள் ஊரில் வேறு எதையாவது நினைவூட்டினால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அன்புடன்,
லண்டனிலிருந்து