மறு: தேனுக்குக் ‘கிருமிக்கொல்லித் திறன்’ பொருந்துமா?

> எல்லாத் தேனுக்கும் ‘கிருமிக்கொல்லித் திறன்’ என்றே போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் ‘கொல்லி’ இடிக்கிறது. பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் தேனுக்குள் சாகாமல் கிடக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். ‘கொல்லி’ என்று அச்சிட்டால் சேனை வைக்கும் பாட்டிகளுக்கு நாமே சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி. பொதுச்சொல்லாக ‘நுண்ணுயிர்த் தடுதிறன்’ இருக்கட்டும்.

சிக்கல் அதன் உட்பிரிவுகளுக்குப் பெயர் வைப்பதில்தான். சர்க்கரைச் செறிவும் புளிப்பும் எந்தத் தேனிலும் உண்டு. அதற்கு மேல், பெரும்பாலான தேன்களில் தேனீ சேர்த்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி இருக்கிறது. தேனில் நீர் கலந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். தேனைக் காய்ச்சினால் நொதி கெடும். புண்ணில் தடவினால் நம் திசுக்களின் கேட்டலேஸ் நொதி அந்தப் பெராக்சைடைச் சிதைக்கும்.

நியூசிலாந்தின் மனுகா தேன் வேறு ரகம். வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் குழுவினர் கேட்டலேஸ் சேர்த்துச் சோதித்தும் அதன் திறன் அழியவில்லை. அதிலுள்ள மெத்தில்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று 2008-இல் ஆய்வுகள் வெளியாயின. ஆங்கிலத்தில் இதை ‘நான்-பெராக்சைடு ஆக்டிவிட்டி’ என்கிறார்கள். இன்னதல்ல என்று சொல்லும் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டலேஸ் பெராக்சைடை நீக்கிய பின் எஞ்சுவதைத்தானே அளக்கிறார்கள்? ‘எஞ்சுதிறன்’ என்போமா?

---

> ‘எஞ்சுதிறன்’ என்போமா?

சொல் அழகு. ஆனால் காய்கறியில் ‘பூச்சிமருந்து எச்சம்’ என்று படித்துப் பழகியவர், ஏதோ தேய்ந்து மிஞ்சியது என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது நேர்மாறு. மனுகா பூவின் மதுவிலிருந்து வரும் டைஹைட்ராக்சிஅசிட்டோன், தேனை இருப்பு வைக்கும்போது மெல்ல மெத்தில்கிளையாக்சாலாக மாறுகிறது. ஆக, புதுத்தேனைவிட முதிர்ந்த தேனில் இந்தத் திறன் கூடலாம். கூடுகிற ஒன்றை எஞ்சுவது என்று எப்படிச் சொல்வது?

எதிர்மறை என்றாலும் ‘பெராக்சைடு சாராத் தடுதிறன்’ போதும் என்பது என் கட்சி. ‘மெத்தில்கிளையாக்சால் திறன்’ என்றும் குறுக்க முடியாது. சில தேன்களில் தேனீயின் டிஃபென்சின் புரதமும் பங்கெடுக்கிறது.

மனுகா புட்டியில் ‘யுஎம்எஃப் 10+’ என்று தரக்குறியீடு இருப்பதற்கு விளக்கக்குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘பெராக்சைடு சாராத் தடுதிறன், குறைந்தது 10 விழுக்காட்டு பீனால் கரைசலுக்கு ஈடு’ (பீனால் ஒரு கிருமிநாசினி). ‘ஈடு’ போதுமா, ‘நிகர்’ வேண்டுமா?