புதுப்பிப்பு: ஓட்டத்துக்கு முன் காபி, ஆறு வாரங்கள் கழித்து

காலை ஓட்டத்துக்கு முன் காபி குடிக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாலைக் குறைக்கவும் நேரத்தைக் கவனிக்கவும் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, அதுதான் பலித்தது.

முன்பெல்லாம் கிளம்பும் அவசரத்தில் ஒரு டம்ளர் பால் காபியை மடக்கென்று குடிப்பேன். மூன்றாவது கிலோமீட்டரில் வயிறு புரட்டும். இப்போது நாலரைக்கே எழுந்து, இரவு இறங்கிய டிகாக்‌ஷனில் வெந்நீர் மட்டும் கலந்து குடிக்கிறேன். ஐந்தரைக்கு ஓட்டம். காபியில் உள்ள காஃபீன் ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. மூளைக்குக் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருளை அது மறித்துவிடுவதால், எட்டாவது கிலோமீட்டரில் வரும் அந்தச் சோர்வு நன்றாகவே தள்ளிப்போகிறது.

ஆய்வுகள் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் காஃபீன். 60 கிலோ எடையுள்ள எனக்கு 180 போதும். ஒருநாள் இரண்டு டம்ளர் குடித்தேன். கை நடுங்கி, ஷூ கயிற்றை மூன்று முறை கட்ட வேண்டியிருந்தது.

போட்டியில் தடை உண்டா என்று கேட்டவருக்கு: 2004 முதல் காஃபீன் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் (WADA) தடைப் பட்டியலில் இல்லை.

மாலைப் பயிற்சிக்கு மட்டும் காபியை நிறுத்திவிட்டேன். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கிறது. இரவு இரண்டு வரை விழித்துக் கிடந்தேன்.